வேருக்கு விட்ட நிழல்

கத்திரி பிறந்து ஆறாம் நாள், மத்தியானம் மூணு மணிக்கு, வேலூரில் தோப்புக்காரத் தெருவின் மேற்கே பார்த்த வரிசையில், ரிட்டயரான டிராபிக் ஏட்டம்மா குணசுந்தரி, பன்னிரண்டு மணியிலிருந்து தன் வீட்டு முன்வாசலில் ஒரு கொடியின் வேரடிக்குத் தன் உடம்பால் நிழல் கொடுத்தபடி நின்றவள், தொண்டை காய்ந்துபோய், ஒரு வாய் மோர் குடித்துவிட்டு வரலாமென்று உள்ளே நாலு எட்டு வைத்தபோது, அவளுடைய நிழல் அவள்கூடப் போகவில்லை. அது பாட்டுக்கு வேரடியிலேயே கிடந்தது. மோர்ச் சொம்போடு திரும்பி வந்த குணசுந்தரி அதைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், தன் காலடியைப் பார்த்தாள். காலடியில் சிமெண்டுத் தரைதான் வெள்ளை வெளேரென்று இருந்தது. "சரி, ட்யூட்டி மாத்திவிட ஆள் வந்தாச்சு" என்று சொல்லி மிச்ச மோரையும் குடித்துவிட்டு, அந்தக் கோடையில் முதல் தடவையாக மத்தியானத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

கொடியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பொம்பளைக்கு என்ன கிறுக்கா என்று நீங்களும் கேட்பீர்கள், தெருவே கேட்டது. அது கிளமேட்டிஸ் கொடி. வேலூர்க்காரர் எவரும் பார்த்திராத கொடி, கோத்தகிரி மாதிரி குளிர்ந்த மலையில் வளர்வது. கம்பி மாதிரி மெல்லிசுத் தண்டு, கை தவறிப் பட்டாலே ஒடியும், இலைக் காம்பையே விரல் மாதிரி சுற்றி நூலையோ குச்சியையோ பிடித்துக்கொண்டு ஏறும். அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. தலை வெயிலில் இருக்க வேண்டும், கால் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். தலையில் வெயில் படாவிட்டால் பூக்காது, காலில் வெயில் பட்டால் பிழைக்காது. அப்படிப்பட்ட ஒன்றைக் கொண்டுவந்து வேலூர் வெயிலில் வைத்தால் எவன்தான் சிரிக்க மாட்டான்?

அதைக் கொடுத்தது குணசுந்தரியின் தங்கை வேதவல்லி. ஆசையாய்க் கொடுக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேதவல்லியின் மகளுக்கு வேலூரில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு இந்த ஊர். வேதவல்லியின் புருஷன் பரசுராமன் கோத்தகிரியில் ஒரு பங்களாவில் தோட்டக்காரர், சாதுவான மனுஷன். அன்றைக்குக் காலையில் யாருடைய ஸ்கூட்டரையோ இரவல் வாங்கிக்கொண்டு, நிச்சயப் புடவையும் பழத்தட்டும் மடியில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், லைசென்ஸைக் கோத்தகிரியிலேயே விட்டுவிட்டு வந்தவரை, சிக்னலில் கையைக் காட்டி நிறுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? பெண்டாட்டியின் கூடப்பிறந்த அக்காள் குணசுந்தரிதான்.

"அண்ணி, நான்தான்."

"நீங்கதான்னு தெரியுது மாப்ளே. லைசென்ஸ எடுங்க."

இன்ஸ்பெக்டர் வந்து கையெழுத்துப் போடுகிறவரைக்கும் அவர் புடவைத் தட்டோடு ரோட்டோரம் நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றார். மாப்பிள்ளை வீட்டு வேன் அந்த வழியாகவே போயிற்று. வேனுக்குள்ளிருந்த பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். நல்ல நேரம் தவறி, சாயங்காலம் வேறு நேரம் பார்த்து நிச்சயம் முடிந்தது. பெண் இன்றைக்கு ஓசூரில் இரண்டு குழந்தைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். பரசுராமன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எல்லாம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை, அதற்கப்புறம் வேலூர் மண்ணை மிதிக்கவும் இல்லை.

போன வருஷம் சித்திரையில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். குணசுந்தரிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. விஷயம் தெரிந்து பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோத்தகிரிக்குப் பஸ் ஏறிப் போய்த் தங்கை வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றாள். கேட்டின் மேல் வளைவு முழுக்க இந்த ஊதாப் பூக்கொடி படர்ந்திருந்தது, பரசுராமன் வைத்தது. வேதவல்லி வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. வளைவிலிருந்து ஒரு துண்டை வெடுக்கென்று ஒடித்துக் கம்பிக்கு வெளியே எறிந்தாள்.

"இந்தா. இது உன் வேலூர் வாசல்ல பூக்கட்டும். அன்னைக்கு உன் வீட்டுப் படி ஏர்றேன். அதுவரைக்கும் எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது."

நடக்காது என்று தெரிந்து சொன்ன வார்த்தை அது. கேட்டவர்கள் எல்லாருக்கும் புரிந்தது. குணசுந்தரிக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்தது. முப்பத்து மூணு வருஷம் உத்தரவு வாங்கியும் உத்தரவு போட்டும் பழகினவள். புருஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, உடன்பிறந்தவள் என்று உலகத்தில் இருப்பது அந்த ஒருத்திதான். அவள் படியேறி வர இன்னது செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியாகிவிட்டது, செய்துவிட வேண்டியதுதானே! குனிந்து அந்தத் துண்டை எடுத்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றி, வேலூர் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் கோடை முழுக்க அதை அடுப்படியில் மண்பானைக்குக் கீழே, பானை கசிகிற ஈரத்தில் வைத்துக் காப்பாற்றினாள். ஐப்பசி மழைக்கு முன்வாசலில் குழி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஆழமாக நட்டாள். பழைய விசில் கயிறுகளைப் பிரித்துச் சுவரில் ஆணியடித்துக் கட்டினாள், கொடி அதைப் பிடித்துக்கொண்டு மாசியில் ஜன்னல் உயரமும் பங்குனியில் மாடிக் கைப்பிடி உயரமும் ஏறிற்று. தலைக்கு வெயில் கிடைத்துவிட்டது. காலுக்குத்தான் வழியில்லை. மேற்கே பார்த்த வீடு, காலையில் வீட்டு நிழலே போதும், பன்னிரண்டு அடித்தால் வெயில் நேராக வேரடியில் வந்து விழும். ஓடு போட்டு மூடிப் பார்த்தாள், ஓடு தோசைக்கல்லாய்க் கொதித்தது. தேங்காய் மட்டை போட்டாள், கரையான் வந்தது. ஈரச் சாக்கு போட்டாள், தெருநாய் இழுத்துக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டது. கீரை விதைத்தாள், முளைக்கிறபோதே கருகிற்று. குடை கட்டலாம் என்றால் அது கொடியின் தலையையும் மறைக்கும். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். போய் நின்றாள். பன்னிரண்டிலிருந்து அஞ்சரை வரைக்கும், மேற்கே முதுகைக் காட்டி, கால் அகட்டி, சூரியன் நகர நகரத் தானும் அரையடி அரையடியாய் நகர்ந்து, தன் நிழல் வேரை விட்டு விலகாமல் நின்றாள். சித்திரை பிறந்ததிலிருந்து தினமும் இப்படி. அப்படி நின்ற நிழல்தான், கத்திரியின் ஆறாம் நாள், இனி நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது மாதிரி அங்கேயே தங்கிவிட்டது.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு ஷாகிரா பானு. அவள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். துணி காயப்போட வந்தவள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டம்மா, உங்க நெழலு இங்கயே கீதே!"

"தெரியும்."

"வலிக்குதா?"

"நிழல் போனா வலிக்குமா? போய் வேலையப் பாரு."

ஷாகிரா போகவில்லை. சுவருக்கு மேலே கையை நீட்டி, நிழல் மேல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பானைத் தண்ணீர்ப் பக்கம் கை வைத்த மாதிரி சில்லென்று இருந்தது.

"அதுக்கில்ல ஏட்டம்மா. இந்த வெயில்ல என் மாவு ரெண்டு மணிக்கே பொங்கிப் புளிச்சிப்போவுது. குண்டானை ஓரமா வெச்சிக்கட்டுமா? உங்க நெழலுக்கு ஒண்ணும் ஆவாதே?"

அவ்வளவுதான், தெரு அந்த அதிசயத்தைப் பார்த்து வாய் பிளந்ததெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தோடு சரி. மறுநாள் ஷாகிராவின் மாவுக் குண்டான் வந்தது, அதற்கு மறுநாள் எதிர்வீட்டுத் தயிர்ச்சட்டி வந்தது, பூக்காரி மல்லிகைப் பந்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள், கரண்ட் போகிற நேரத்தில் கடைசி வீட்டுச் சர்க்கரை வியாதிக்காரர் இன்சுலின் மருந்தைக் கொண்டுவந்தார், நாலு கோழியும் ஒரு வெள்ளைப் பூனையும் சண்டை போடாமல் ஒன்றாய்ப் படுத்தன. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அந்த நிழல் நகரவில்லை. மூணு மணிக்கு விழுந்த அளவிலேயே, அகட்டின கால், கொஞ்சம் சாய்ந்த தலை, வேரைச் சுற்றிச் சரியாக மூடிக்கொண்டு கிடந்தது. குணசுந்தரி சும்மா இருப்பாளா? சுண்ணாம்புக்கட்டி எடுத்து வேரைச் சுற்றி ஒரு ஜாண் விட்டுக் கோடு போட்டாள். கோட்டைத் தாண்டி எதுவும் வைக்கக்கூடாது, தலைப் பக்கம் உட்காரக்கூடாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். மீறின தயிர்ச்சட்டி வெயிலுக்கு நகர்த்தப்பட்டது, எதிர்வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை.

ஆட்டோக்கார டில்லிபாபுவுக்கு வேறு யோசனை வந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் மரமே இல்லை. தானும் ஒரு நிழலை விட்டுவிட்டால் காலத்துக்கும் ஆட்டோவை அதில் நிறுத்திக்கொள்ளலாமே! சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டு நடுவில் போய் நின்றான். எட்டாவது நிமிஷத்தில் ஒரு சவாரி வந்தது, போய்விட்டான். மறுநாள் பதினோரு நிமிஷம். அவனைப் பார்த்து இஸ்திரிக்காரர் நின்றார், பால் சொசைட்டிக்காரர் நின்றார், பரீட்சை முடிந்த பெண் பிள்ளைகள் நாலு பேர் ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டே நின்று பார்த்தார்கள். ஒருத்தர் நிழலும் தங்கவில்லை.

"ஏட்டம்மா, எங்களுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது? இன்னா மந்திரம், சொல்லிக்குடு" என்று டில்லிபாபு வந்து கேட்டான்.

"மந்திரமும் இல்ல, மாங்காயும் இல்ல. நிக்கணும்டா. வேற எதையும் நினைக்காம நிக்கணும். நீ சவாரிய நினைச்சிக்கிட்டு நின்னா உன் நிழலும் சவாரிக்குத்தான் போவும்."

பென்ஷன் ஆபீசில்தான் கொஞ்சம் சிக்கலாயிற்று. வருஷா வருஷம் நேரில் போய் உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்ட வேண்டுமே, அதற்குப் போனாள். வெயில் விழுகிற ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிளார்க் தம்பி அவளை மேலும் கீழும் பார்த்தான், அவள் வந்த வழியைப் பார்த்தான், பேனாவை மூடிவிட்டான்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பேய்க்குத்தான் நிழல் இருக்காதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. நான் பாட்டுக்கு உயிரோட இருக்காங்கன்னு எழுதிட்டா நாளைக்கு ஆடிட்ல என்ன பதில் சொல்றது?"

"நிழல் இருக்கு தம்பி. வீட்ல இருக்கு."

"வீட்ல என்ன பண்ணுது?"

"வேலை செய்யுது."

அவன் எழுந்து உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் கேட்டு வந்தான். அவர் யோசித்து, ரிட்டயரானவர் வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது என்று விதி உண்டு, ரிட்டயரானவருடைய நிழல் செய்யக்கூடாது என்று விதி இல்லை என்றாராம். 'நேரில் வந்தார். நிழல் வீட்டில் உள்ளது' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அம்மன் கோயிலில் கத்திரி வெயிலுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் வந்தபோதும் அதே பேச்சு கிளம்பிற்று. நிழல் இல்லாதவள் கூழ்ச்சட்டி தூக்கலாமா? பூசாரி எத்திராஜ் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், "நெழலே இல்லாதது பேய். நெழலை வெச்சிட்டு வந்தவ எப்படிப் பேயாவா? செருப்பை வெளியில விட்டுட்டு நீங்கள்லாம் கோயிலுக்குள்ள வர்றீங்களே, காலில்லாமலா வர்றீங்க?" கூட்டம் சரிதான் என்றது. குணசுந்தரி சட்டி தூக்கினாள். கூழ் ஊற்றி முடிந்ததும் எத்திராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திரும்ப வேணும்னா வழி இருக்கும்மா. மூணு மணிக்குத்தான உட்டுப்போச்சி? அதே மூணு மணிக்கு, அது குதிகால் மேல உன் குதிகாலை வெச்சி நில்லு. வந்துரும். ஒண்ணே ஒண்ணு, எடுத்துட்டா மறுபடி அப்படித் தங்காது."

"இப்ப வேணாம்" என்றாள் குணசுந்தரி.

"உன் மூஞ்சி நல்லா இல்லம்மா."

நல்லா இல்லைதான். அவள் யாரிடமும் சொல்லவில்லையே தவிர, நிழல் போன நாளிலிருந்து உலகத்தில் இருக்கிற எந்த நிழலும் அவளுக்கு நிழலாக இல்லை. வேப்பமரத்தடியில் நின்றாலும் உச்சிவெயில், ஃபேனுக்கடியில் படுத்தாலும் உச்சிவெயில், விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாலும் உச்சிவெயில். வாளித் தண்ணீரில் காலை வைத்தால் தண்ணீர் சூடாயிற்று. முகம் கறுத்து, உதடு வெடித்து, அடுப்பு மூட்டவே பயந்துகொண்டு மோரும் பழைய சோறுமாக ஓட்டினாள். கத்திரியின் பதினாலாம் நாள் தெருக்குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டாள். டில்லிபாபு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டரம்மா இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டு, உடம்பில் தண்ணீரே இல்லை, இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுப்ப முடியாது என்று கண்டிப்பாய்ச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தெருவே வாசலில் கூடிவிட்டது. ஷாகிரா பானு தன் மாவுக் குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தயிர்ச்சட்டிக்காரி தயிர்ச்சட்டியை எடுத்துக்கொண்டாள். இனி யாரும் எதுவும் வைக்கமாட்டோம் என்றார்கள்.

"நாளைக்கு மூணு மணிக்கு நீங்க நெழல எடுத்துக்கிறீங்க. நாங்கள்லாம் கூட நிப்போம்" என்றாள் ஷாகிரா. "ஒரு செடிக்காவ சாவீங்களா? அல்லா கேக்கமாட்டானா? நானும் கேப்பேன்."

குணசுந்தரி சுவரைப் பிடித்து எழுந்து, கொடியின் நுனியைக் காட்டினாள். மாடிக் கைப்பிடிக்குக் கீழே, இரண்டு இலைக்கு நடுவில், பச்சை மிளகாய் நுனி அளவுக்கு ஒரு மொட்டு. தள்ளி இன்னும் இரண்டு, கடுகு மாதிரி.

"இப்ப நிழல எடுத்தா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உதிர்ந்துரும். என்னால இனிமே தினம் அஞ்சு மணிநேரம் நிக்க முடியாது. நான் எடுக்கமாட்டேன். நீங்க குண்டானை வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம்."

"அந்தம்மா வருவாங்கன்னு இன்னா நிச்சயம்?" என்றான் டில்லிபாபு. கேட்டிருக்கக்கூடாது என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பூத்தா வர்றேன்னு சொன்னா. அவ சொன்னது அவ பாடு. பூக்க வைக்கிறது என் பாடு."

அதற்கப்புறம் அவளிடம் யாரும் பேசிப் பார்க்கவில்லை. பேசுவதற்குப் பதிலாகத் தெரு வேறு மாதிரி நடந்துகொண்டது. குண்டானும் தயிர்ச்சட்டியும் மறுபடி நிழலுக்கு வந்தன. காலையில் எழுந்தால் வேரடியில் யாரோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அவளுக்கு ஒரு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இளநீரோ நீராகாரமோ சர்பத்தோ வந்தது, முறை வைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் கேட்டால் மீந்துபோச்சு என்றார்கள். இஸ்திரிக்காரர் ஈரத்துணியை அவள் தலையில் போட்டுவிட்டுப் போவார். ஒவ்வொன்றையும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாங்கினாள், எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, கேட்டுப் பழக்கமும் இல்லை.

இருபத்தோராம் நாள் காலை பூத்தது. உள்ளங்கை அகலம், ஊதா நிறம், எட்டு இதழ், நடுவில் பொன்னிறத்தில் ஒரு குச்சம். தெரு முழுக்க வந்து மோந்து பார்த்துவிட்டு, வாசனையே இல்லையே என்று ஏமாந்து, பிறகு இவ்வளவு பாடுபட்ட பூவுக்கு வாசனை வேறு கேட்பதா என்று தங்களையே திட்டிக்கொண்டது. குணசுந்தரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், ஓவென்று, சுவர் தாண்டி ஷாகிராவுக்குக் கேட்கிற அளவுக்கு அழுதாள்.

தங்கைக்குப் போன் போட மாட்டேன் என்றுவிட்டாள். கூப்பிட்டு வந்தால் அது வேறு கணக்காகிவிடுமாம். ஷாகிராதான் பூவைப் போனில் படமெடுத்து, எப்படியோ நம்பர் தேடி ஓசூர்ப் பெண்ணுக்கு அனுப்பினாள். 'அம்மாவுக்கு அனுப்பினேன். ஒன்றும் சொல்லவில்லை' என்று பதில் வந்தது. முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. டில்லிபாபு சவாரியை விட்டுவிட்டு மலையிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றான். பூவின் ஊதா கொஞ்சம் வெளுத்தது. குணசுந்தரி வாசற்படியில், தனக்கு மட்டும் கொதிக்கிற படியில், கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள், இரண்டே முக்கால் மணிக்கு, தோளில் ஒரு பையோடு வேதவல்லி தெருமுனையில் நடந்து வந்தாள். யாரும் அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை, இருந்தாலும் தெரு வழிவிட்டது. அதே மூக்கு, அதே நடை.

கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"தொறந்துதான் இருக்கு" என்றாள் குணசுந்தரி. எழுந்து நின்றாள்.

வேதவல்லி உள்ளே வந்து முதலில் பூவைத்தான் பார்த்தாள். எட்டி, ஒரு இதழின் ஓரத்தை விரலால் தொட்டாள். "அவர் வெச்சதேதான்" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு கண் கீழே வந்தது. வேரடியில், ஆள் யாரும் நிற்காத இடத்தில், கால் அகட்டி நிற்கிற ஒரு நிழல். அதைச் சுற்றி மாவுக் குண்டான், தயிர்ச்சட்டி, தூங்குகிற கோழி. நிழலைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள். கரிக்கட்டையாய்க் கறுத்து, உதடு வெடித்து, கண் உள்ளே போய், காலடியில் ஒன்றுமே இல்லாமல் வெயிலில் நிற்கிற அக்காளை.

"யாரு அக்கா இது?"

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"இன்னையோட பதினெட்டு நாள்."

"அதுக்கு முன்னாடி?"

"நானே நின்னேன்."

வேதவல்லி பையை நழுவவிட்டாள். "பாவி, பாவி" என்றாள், யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "அது பூக்கக் கூடாதுன்னுதான்க்கா உன்கிட்ட எறிஞ்சேன். முத்தின தண்டாப் பாத்து ஒடிச்சேன். முத்தினது வேர் விடாது. அவரோட முப்பத்து ரெண்டு வருஷம் இருந்தவ, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் ஒடிச்சேன்."

"எனக்கு அது தெரியாதே" என்றாள் குணசுந்தரி.

"அன்னைக்கு என் கேட்டுக்கு வெளியில நின்னியே. தப்புப் பண்ணிட்டேன் வேதா, கதவைத் தொறன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொறந்திருப்பேன்க்கா. கேட்டுக்கு இந்தப் பக்கம் கையை வெச்சிக்கிட்டு அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நின்னேன். நீ துண்டைப் பொறுக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்ட!"

லாரிக்காரனிலிருந்து கலெக்டர் வண்டி வரைக்கும் நிறுத்திய குணசுந்தரியின் வாய் மெதுவாகத்தான் பேசிற்று.

"எனக்கு நிக்கத் தெரியும் வேதா. கேக்கத் தெரியாது."

வேதவல்லி விடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரை வெயில்ல நிக்க வெச்சது தப்பு" என்றாள் குணசுந்தரி. "கேஸ் எழுதுனது தப்பில்ல. லைசென்ஸ் இல்ல, ஹெல்மெட் இல்ல, எழுதித்தான் ஆவணும். ஆனா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு நிழல்ல உக்கார வெச்சிருக்கலாம். தட்டை நான் வாங்கி வெச்சிருக்கலாம். அதைப் பண்ணல. அவர் கையால அந்தத் தட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. அதைத் தினம் பாக்கறேன்டி. மன்னிச்சிரு."

வேதவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "செத்தாலும் கேஸை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டா" என்று மூக்கைச் சிந்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மணி என்ன?" என்றாள்.

"மூணாவப் போவுது."

"அதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

குணசுந்தரி எத்திராஜ் சொன்னதைச் சொன்னாள். கூடவே, "வேணாம். கத்திரி முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பக்கத்துல ரெண்டு மொட்டு இருக்கு பாரு, அவர் கொடி" என்றாள்.

வேதவல்லி செருப்பை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, மேற்கே முதுகைக் காட்டி, காலை அகட்டி நின்றாள். மலையிலேயே இருந்து பழகின உடம்பு, உடனே வியர்த்துக் கொட்டிற்று. அவள் நிழல் நீண்டு, அக்காள் நிழலின் மேல் விழுந்து, வேரை மூடிற்று.

"இப்ப எடுத்துக்கோ."

"உன்னால முடியாதுடி. பத்து நிமிஷம் தாங்க மாட்ட."

"உனக்குப் பொறந்த அதே அப்பனுக்குத்தான் நானும் பொறந்தேன். எடுக்கறியா, பூவைப் பிச்சுப் போடட்டுமா?"

குணசுந்தரி போய்த் தன் நிழலின் குதிகால் மேல் தன் குதிகாலை வைத்தாள். கோழிகள் முனகிக்கொண்டு நகர்ந்தன. உள்ளங்காலிலிருந்து குளிர்ச்சி மெதுவாய் ஏறிற்று, முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் கண் இமை. அவள் ஒரு அடி நகர்ந்தாள், நிழலும் நகர்ந்தது. சுவரோரம் இருந்த அரையடி நிழலில் போய் நின்றாள், அது நிழலாகவே இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"தண்ணி குடுக்கா" என்றாள் வேதவல்லி, வேரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"உள்ள வந்து குடியேன்."

"படி ஏர்றேன்னு சொன்னேன், ஏர்றேன். இப்ப வர முடியாது. நின்னுக்கிட்டு இருக்கேன்ல?"

குணசுந்தரி சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள், தங்கை கால் மாற்றாமல் அண்ணாந்து குடித்தாள். அஞ்சரை வரைக்கும் நின்றாள். நடுவில் இரண்டு தடவை தள்ளாடினாள், இரண்டு தடவையும் அக்காள் பின்னால் போய் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வெயில் எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால் இறங்கினதும் வேதவல்லி காலை உதறிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, மூன்று படியும் ஏறி உள்ளே போய்த் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பசிக்குதுக்கா. காலையில பஸ் ஏறுனதோட சரி. என்ன வெச்சிருக்க?"

அடுப்பு மூட்டிப் பதினெட்டு நாள் ஆன அடுப்படி. குணசுந்தரி ஒவ்வொரு பாத்திரமாய்த் திறந்து பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஷாகிரா, என் தங்கச்சி வந்திருக்கா. ரெண்டு பேருக்குச் சோறு தர்றியா?"